புகையாண்டிக்கு விக்கல் எடுத்த நாள்

சாத்தூரிலிருந்து முப்பத்தொரு பேர் கடலைப் பார்க்கப் போய், ஒரு மலைக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை இது. அந்த முப்பத்தொரு பேரில் ராஜகனி என்பவளுக்கு அன்று என்ன நடந்தது என்று சொன்னால் போதும், மற்ற முப்பது பேருக்கு நடந்ததும் தானாக விளங்கிவிடும்.

ராஜகனிக்கு ஐம்பத்திரண்டு வயது. சாத்தூர் பொன்னி நகர் மூன்றாவது தெருவில் அவள் வீடு, ஒட்டினாற்போல் அடுத்த வீடு சீதாலட்சுமி வீடு. நடுவில் இடுப்புயரச் சுவர். அந்தச் சுவர் வழியாக இத்தனை வருஷத்தில் போன குழம்புக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கினால் ரயில்வே கேட் வரைக்கும் வரும் என்று தெருவில் சொல்வார்கள். போன கிண்ணங்களைத்தான் சொன்னேன், வந்த கிண்ணங்களை அடுக்கினால் வாசல்படியைத் தாண்டாது. இட்லி வெந்தால் முதல் ஈடு சீதாவுக்கு, முருங்கை காய்த்தால் கீழ்க்கிளை பூராவும் சீதாவுக்கு, பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் சீதாவுக்கு, சீதாவின் பையும் ராஜகனியின் தோளுக்கு என்று பத்தொன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. "எனக்கு நீ வாக்கப்பட்டயா, சீதாவுக்கு வாக்கப்பட்டயா?" என்று ராஜகனியின் கணவர் தர்மர் ஒருநாள் கேட்டே விட்டார். ராஜகனி குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். இதற்கெல்லாம் காரணம் எதுவோ, அதை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் பொன்னி நகர் பிள்ளையார் கோயிலுக்கும் சீதா கூடவே வருவாள்.

அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு காலைநடைக் குழு வைத்திருந்தார்கள். தலைவர் கனகவேல் அண்ணாச்சி. தினமும் பத்தாயிரம் அடி நடந்து, அதைக் கைபேசியில் எல்லாருக்கும் அனுப்பி, அனுப்பாதவர்களை வீடு தேடிப் போய் விசாரிக்கிற மனிதர். அவர்தான் அந்தமான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. மூன்று நாள் சிறையும் கடற்கரையும் பார்த்தபிறகு நான்காம் நாள் எரிமலைத் தீவைப் படகில் சுற்றி வருவது என்று திட்டம். தர்மருக்குக் கடல் என்று எழுதிக் காட்டினாலே குமட்டும், அதனால் அவர் வரவில்லை.

அந்தத் தீவுக்கு அரசாங்கம் வைத்த பேர் எதுவோ, படகுக்காரர்கள் புகையாண்டி என்றுதான் சொன்னார்கள். இறங்கக் கூடாது, சுற்றி மட்டும் வரலாம், கோயில் பிரகாரம் மாதிரி ஒரே ஒரு சுற்று. முன்பக்கம் கறுத்த பாறையும் மொட்டைச் சரிவும் அதில் மேயும் நாற்பது ஐம்பது ஆடுகளும்தான். பின்பக்கம்தான் நெருப்புக் குழம்பு ஓடை மாதிரி வழிந்து கடலில் விழுகிறது, அதைப் பார்த்தவன் செத்தாலும் மறக்க மாட்டான் என்று படகோட்டி தொம்மை சொன்னார். தொம்மையின் தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் கடற்கரையை விட்டுவந்த குடும்பம். ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் மைக், இரண்டையும் அவர் விடுவதில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குப் புகையாண்டிக்கு முன்னால் வந்து, எல்லாரும் காராச்சேவு பொட்டலங்களைப் பிரித்து, படகு வலதுபக்கமாகக் கால் சுற்று போயிருக்கும்; அப்போது முப்பத்தொரு பேர் வயிற்றுக்குள்ளும் ஒரே நேரத்தில் பித்தளை அண்டாவைக் கவிழ்த்ததுபோல 'ஹிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மலையுச்சியில் ஒரே ஒரு உருண்டைப் புகை குபுக்கென்று கிளம்பியது. சரிவில் நின்ற ஆடுகள் எல்லாம் ஒரு சாண் மேலே எழும்பி, மேய்வதை நிறுத்தாமல், அதே இடத்தில் இறங்கின. கடல் ஒரு மடிப்பு மடிந்து படகைத் தூக்கி, குழந்தையை இடுப்பு மாற்றுவதுபோல மெதுவாக, கிளம்பிய இடத்திலேயே, அந்தக் கறுத்த பாறைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது.

தொம்மை மைக்கில் சொன்னார். "யாரும் பயப்படாதீங்க. புகையாண்டிக்கு விக்கல்."

"விக்கலா?" என்றார் அண்ணாச்சி.

"விக்கல்தான் சார். போன மாசம் கொட்டாவி. அன்னிக்கு வந்த பார்ட்டி பூராத் தூங்கிட்டாங்க. நானே ஒத்தக் கண்ணாலதான் போட்டை ஓட்டிட்டுப் போனேன்."

நோயின் பேர் தெரிந்துவிட்டால் சாத்தூர்க்காரர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும், வைத்தியம் சொல்ல ஆரம்பித்தால் மீதியும் போய்விடும். இடப்பக்கமாகப் போய்ப் பார்த்தார்கள், ஹிக், பாறைக்கு முன்னால். தீவே வேண்டாம், திரும்பிப் போவோம் என்று கரையைப் பார்த்து ஓட்டினார்கள், ஹிக், பாறைக்கு முன்னால். நான்கு நிமிஷத்துக்கு ஒரு விக்கல், கடிகாரம் வைத்ததுபோல. "யாரோ நினைக்கிறாங்க, அதான்," என்றாள் விஜயராணி. மாவட்ட அளவில் எலுமிச்சை ஊறுகாய்க்கு முதல் பரிசு வாங்கியவள் என்பதால் அவள் சொன்னால் எதற்கும் ஒரு மதிப்பு உண்டு. "மலைய யாருத்தா நினைப்பா?" என்று கேட்டதற்கு, "இன்னொரு மலை," என்றாள்.

முதலில் தண்ணீர் வைத்தியம். சுற்றிலும் இத்தனை தண்ணீர் இருக்கிறதே என்று ஒருவர் கேட்க, உப்புத் தண்ணீருக்கு விக்கல் கேட்காது என்று இன்னொருவர் சொல்ல, குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து ஏழு மடக்குக் கணக்காகப் பாறையின்மேல் ஊற்றினார்கள். ஹிக். ஓட்டலில் காப்பிக்குத் தந்த சர்க்கரைப் பொட்டலங்களைச் சேர்த்துவைத்திருந்த சர்க்கரை நோயாளிகள் ஆறு பேர் அவற்றை மனமில்லாமல் தந்தார்கள். ஹிக். மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சி சொன்னதும், தொம்மை மைக்கை மலைப்பக்கம் திருப்பி, "புகையாண்டி, மூச்ச இழுத்துப் பிடி!" என்று கத்தினார். மலை பிடித்தது. புகை நின்றது. பத்து நொடி ஆயிற்று, இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று, மலை லேசாக உப்புவதுபோல் தெரிந்தது, ஆடுகள் முதன்முதலாக மேய்வதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தன. எரிமலை ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவ்வளவு நல்லதில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்து, "விட்ரு சாமி! விட்ரு! விக்கலே இருக்கட்டும்!" என்று முப்பத்தொரு பேரும் கையெடுத்துக் கும்பிட, மலை பெரிய மனது பண்ணி மூச்சை விட்டு, கூடவே ஒரு விக்கலும் விட்டது.

அடுத்தது அதிர்ச்சி வைத்தியம். விக்குகிறவனைப் பார்த்து, நீ திருடினாயாமே என்று கேட்டால் திடுக்கிட்டு விக்கல் நின்றுபோகும் அல்லவா, அதேபோல அண்ணாச்சி மைக்கை வாங்கி, "ஏ புகையாண்டி! எங்க விஜயராணியோட தோட்டை நீதான் எடுத்தயாமே!" என்று அதட்டினார். மலைக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த விக்கலில் படகு பாறைக்கு முன்னால் வந்து நின்றதோடு மூன்று தரம் சுற்றியும் நின்றது.

"அதுகிட்டப் பொய் செல்லாது சார்," என்றார் தொம்மை. "மெய்யாலுமே அதிரணும். யார்கிட்டயாவது பெரிய ரகசியம் இருந்தாச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள கிளம்பலைன்னா டீசல் பத்தாது, ஆட்டோட ஆடா நாமளும் இங்கதான்."

இவ்வளவு நேரம் மலையைப் பார்த்திருந்தவர்கள் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவர்தானே முதலில் இறங்க வேண்டும். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"நான் பத்தாயிரம் அடி நடக்கல. போனைப் பேத்தியோட ஊஞ்சல்ல கட்டி விட்டுருவேன். அது பாட்டுக்கு எண்ணிக்கிடும். நான் உள்ள படுத்திருப்பேன்."

காலைநடைக் குழுவில் நாலைந்து பேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அவர் விசாரிக்க வருவார் என்று பயந்து மழையிலும் நடந்து நிமோனியா வந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் தொம்மை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு." ஆறாவது நிமிஷம்தான் விக்கல் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று ஆனபின் சாத்தூர்க்காரர்களை யாரால் நிறுத்த முடியும்?

விஜயராணி எழுந்து, பரிசு வாங்கிய ஊறுகாய் மதுரையில் ஒரு கடையில் வாங்கியது என்றாள். எந்தக் கடை என்று நான்கு குரல்கள் கேட்டன. ஏழு நிமிஷம். பெத்துராஜ் வாத்தியார் எழுந்தார். படகில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். "விடைத்தாள் திருத்தும்போது நான் ஒரு வரிகூட வாசிச்சதில்ல. பதிலைச் சாணால அளந்து மார்க் போட்டுருவேன்," என்றார். "அப்ப எனக்குப் போட்ட எழுபத்தெட்டு?" என்று ஒருவர் கேட்க, வாத்தியார் கண்ணை மூடி யோசித்து, "ரெண்டரைச் சாண்," என்றார். எட்டு நிமிஷம். பிறகு வரிசை வைத்துக்கொண்டு வந்தார்கள். கருகரு முடிக்காரர் ஒருவர், நான் தலைக்கு மை பூசுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே மலை விக்கிவிட்டது, ஏனென்றால் அது ஊருக்கே தெரிந்தது. ஒரு தம்பதி, தரகர் பார்த்து முடித்தது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவரும் தங்கள் கல்யாணம் காதல் கல்யாணம் என்றார்கள். தரகரைப் பிடித்துவந்ததே அந்தப் பெண்தானாம். ரகசியப் பெட்டிகள் திறந்த வேகத்தில் மலைக்கு விக்கல் எடுக்கிறது என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. ஹிக் வரும்போது, "கொஞ்சம் சும்மா இரப்பா, கேக்க விடு," என்று மலையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள்.

ராஜகனி மட்டும் இருக்கையில் சரிந்து, சரிந்து, தோள் காதைத் தொடுகிற அளவுக்குச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஜன்னல் ஓரத்தில், சீதா ராஜகனியின் பையிலிருந்த ராஜகனியின் சேவை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"கனி, நீ ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கிட்ட என்ன இருக்கு சொல்ல?"

"ஏதாவது இருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கு," என்றாள் சீதா. சொல்லிவிட்டு ஒரு சேவை ஒடித்தாள்.

மணி இரண்டே முக்கால். இருபத்தொன்பது பேர் சொல்லி முடித்திருந்தார்கள். இருபத்தொன்பது பேரும் திரும்பி மீதி இரண்டு பேரைப் பார்த்தார்கள். தொம்மை மைக்கை நீட்டினார். ராஜகனி, ஆட்டோடு ஆடாக இங்கேயே இருந்துவிடலாமா என்று உண்மையாகவே ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆடாக இருந்தாலும் சீதா கூடத்தானே இருப்பாள் என்று தோன்றியதும் எழுந்து மைக்கை வாங்கினாள். மலையைப் பார்த்துச் சொன்னாள், சீதாவைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி சீதா ரேடியோவில அறிவிப்பாளர் வேலைக்குப் பரீட்சை எழுதினா. குரல் பரீட்சையும் முடிஞ்சு பேர் வந்துருச்சு. வேலைக்கு வரச் சொல்லித் தபால் வந்த அன்னிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. தபால்காரர் எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு." ராஜகனி மைக்கை அடுத்த கைக்கு மாற்றினாள். "நான் அதைக் குடுக்கல. ஒளிச்சு வெச்சுட்டேன். அப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். மாமியா வீட்ல ஒரு ஆள் எங்கிட்ட முகங்கொடுத்துப் பேசாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் இவ ஒருத்திதான். இவளும் போயிட்டா நான் யாருகூடப் பேசுவேன்? அதான். வேற ஒண்ணுமில்ல. அதான்."

ஊறுகாய், ஊஞ்சல், சாண் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின. சீதாவின் குரலைப் பற்றி அந்தத் தெருவே அறியும். திறமை இருந்தும் கிடைக்கவில்லையே என்று உச்சுக் கொட்டாதவர்கள் அந்தப் படகில் இல்லை. எட்டு நிமிஷம் போனது. ஒன்பது. பத்து. ராஜகனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

ஹிக்.

"என்னா நெஞ்சழுத்தம்!" என்றார் அண்ணாச்சி, மலையைப் பார்த்து.

அப்போது சீதா கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, எழுந்திருக்காமலே சொன்னாள். "எனக்குத் தெரியும் கனி. அந்த வாரமே தெரியும்."

"என்ன தெரியும்?"

"உளுந்து கடன் வாங்க வந்தேன். நீ குளிச்சுக்கிட்டிருந்த. டப்பாவத் தொறந்தா உள்ள தபால். படிச்சேன். பழையபடி உள்ள வெச்சேன். உளுந்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"ஏன்... ஏன் கேக்கல?"

"பயம்," என்றாள் சீதா. "பரீட்சை விளையாட்டா எழுதிட்டேன். அப்புறம் தபால் வந்துட்டா மைக்கு முன்னாடி போய் உக்காரணுமேன்னு தபால்காரரப் பாத்தாலே உள்ள ஓடிருவேன். நீ ஒளிச்சு வெச்சது எனக்குக் கடவுள் செஞ்ச மாதிரி இருந்துச்சு. ஊர்ல எல்லாரும் பாவம் பாவம்னாங்க. அது நல்லா இருந்துச்சு. அப்புறம் நீ முதல் ஈடு இட்லி அனுப்பின. அது இன்னும் நல்லா இருந்துச்சு."

பத்தொன்பது வருஷத்து இட்லியும் ராஜகனியின் தொண்டையில் ஒன்றாக வந்து நின்றது.

"அப்ப... முருங்கைக்காய்?"

"நீயாத்தான குடுத்த."

"என் பட்டுச்சேலைய வாங்கிட்டுப் போயிக் கறையோட திருப்பிக் குடுத்தியே?"

"நீ ஒண்ணும் சொல்லமாட்டன்னு தெரியும்."

"என் தோள்பட்டை எலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாருடி! உன் பையத் தூக்கித் தூக்கி! குத்த உணர்ச்சியில நான் ராத்திரி உளுந்து டப்பாவப் பாத்தாலே அழுவேன்டி! தோசைக்கே அரிசி மட்டும் போட்டு அரைச்சிருக்கேன்டி!"

"அதான் உங்க வீட்டுத் தோசை அப்படி இருக்கும்," என்றாள் சீதா.

மலையிலிருந்து 'ஹி' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மீதிச் சத்தம் வரவில்லை. பாதி எழும்பிய ஆடுகள் அரைச் சாண் உயரத்தில் சற்றுநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. புகை நேராக, மெல்லியதாக, பேச்சுமூச்சில்லாமல் போவதுபோலப் போயிற்று. தொம்மை கடிகாரத்தைப் பார்த்தார், சுக்கானைத் திருப்பினார், படகு கால் சுற்று போனது, அரைச் சுற்று போனது, யாரும் தூக்கிக்கொண்டுவந்து வைக்கவில்லை.

பின்பக்கம் வந்தது. நெருப்புக் குழம்பு மலையுச்சியிலிருந்து செந்தாழம்பூ மடல்போல இறங்கிக் கடலில் விழுந்து ஆவி பறக்கிறது, செத்தாலும் மறக்க மாட்டீர்கள், எல்லாரும் பாருங்கள் என்று தொம்மை மைக்கில் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் அவர் தொண்டையே கட்டிக்கொண்டது. சாத்தூர்க்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லாரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஜகனி விடுவிடுவென்று படகின் முன்கோடிக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்ததையும், சீதா இருந்த இடத்திலேயே முகம் சுருங்கியதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலைக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குப் பொன்னி நகரில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

தீவு பின்னால் போனதும் காற்று எழுந்தது. விக்கலுக்கு நடுவில் தளர்த்திவிட்ட உயிர்காப்பு அங்கியை எல்லாரும் மறுபடி கட்ட வேண்டும் என்று சொல்வதற்குத் தொம்மைக்குக் குரல் இல்லை. கையைக் காலை ஆட்டிப் பார்த்தார், யாருக்கும் புரியவில்லை. மைக்கை நீட்டினார், யாரும் வாங்கவில்லை. அன்றைக்கு அந்த மைக்கில் பேசியவர்கள் யாருமே அதற்குப் பிறகு நன்றாக இல்லை. சீதா எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"வணக்கம். நேரம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். பயணிகள் தங்கள் உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கிக் கட்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ராஜகனி இத்தனை வருஷமும் சுவரைத் தாண்டிக் கேட்டது, பூனையை விரட்டுகிற குரல், கீரைக்காரியிடம் பேரம் பேசுகிற குரல். இது அதுதான், ஆனால் அது இல்லை. வெயிலில் காய்ந்த வெள்ளை வேட்டியை உதறி விரித்ததுபோல அந்தக் குரல் கடல்மேல் விரிந்து போனது. வாரைக் கட்டப் போன கைகள் எல்லாம் பாதியில் நின்றன. இதையா நான் ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினேன் என்று ராஜகனி தன் கையையே பார்த்துக்கொண்டாள். இதையா இவள் பயந்துகொண்டு உள்ளேயே விட்டுவிட்டுப் போனாள் என்று அடுத்த நிமிஷம் கோபமும் வந்தது.

"அடுத்து ஒரு முக்கிய அறிவிப்பு," என்றது குரல். "படகின் முன்பகுதியில் கோபமாக உட்கார்ந்திருக்கும் திருமதி ராஜகனி அவர்கள், உடனே பின்பகுதிக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அவருடைய சிநேகிதி அங்கே தவறை உணர்ந்து காத்திருக்கிறார்."

படகு பூராவும் ராஜகனியைப் பார்த்தது. ராஜகனி அசையவில்லை.

"நேரம் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். திருமதி ராஜகனி அவர்கள் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் வானிலை. கடலில் லேசான காற்று. சீதாலட்சுமியின் கண்ணில் ஆங்காங்கே தூறல்."

அசையவில்லை. சீதா நிறுத்தவில்லை. பறவைகளைப் பற்றிச் சொன்னாள், பொன்னி நகர்ச் செய்திகள் என்று ஊஞ்சலையும் ஊறுகாயையும் வாசித்தாள், அண்ணாச்சியே வாய்விட்டுச் சிரித்தார், நேரத்தைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், திரும்ப நேரத்தைச் சொன்னாள். மூடிய கண்ணை எப்போதோ திறந்திருந்தாள். சூரியன் ஒரு பக்கமாகச் சாய, கரை ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்தது.

அண்ணாச்சி எழுந்து, தட்டுத்தடுமாறி நடந்து முன்பக்கம் வந்தார். குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஏத்தா, பாவம் தொண்ட வத்தக் கூப்புடுறா. போத்தா. எவ்வளவு நேரந்தான் கோவம்?"

ராஜகனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி," என்றாள். "நான் போனா நிறுத்திருவா."